‘இங்கே வா’ என்னும் தமிழ்

ஒருவன் மற்றொருவனிடம் ஒரு பொருளைக் கேட்குங்கால் எந்தச் சொல்லால் கேட்பது என்பதற்கும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ். ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் கேட்கும் சொல், ‘தா’ என்பது ஒத்தோன் கேட்கும் சொல், ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கேட்கும் சொல் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் பகுத்துரைத்தார். கேட்கப்படும் பொருள் ஒன்றே. கேட்கும் வாய்தான் வேறு. வாய் திறந்த அளவிலேயே அவன் நிற்கும் படி தெரிந்துவிடும் என்பது கருத்து. இந்நூற்பாக்களை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், இவ்வேறுபாடு இக்காலத்தில் வழக்கொழிந்தது என்று ஒரு குறிப்புச் சொல்லிக் கடந்து செல்வது இயல்பு. அம்மூன்று சொற்களும் தம் வேறுபாட்டை இழந்தமை உண்மையே. ஆயினும் வேறுபாடே ஒழிந்ததா என்பது தனி வினா. ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பல தலைமுறை வழங்கிய பேச்சை உற்று நோக்குவோர்க்கு, அது வேறு உருவில் உயிரோடிருந்தமை புலப்படும்.

பொது இடத்தில் பிறமொழி பேசுவது பற்றி மலேசியத் தமிழரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. ஜொகூர் பாருவில் பேருந்தில் ஏறிய தமிழர் இருவர் தம்முள் ஆங்கிலத்தில் பேசினால், தாய்மொழியைக் கைவிட்டார் என்று ஒரு சாரார் முகம் சுளிப்பர். அதே இருவர் உரத்த குரலில் தமிழ் பேசினால், நயம் தெரியாத தோட்டத்தார் என்று மற்றொரு சாரார் முகத்தைத் திருப்பிக்கொள்வர். அவ்விருவரும் மலாயில் பேசத் தொடங்கி நடுவில் ஒரு சொல் தடுமாறினாலோ, இரு சாராரும் சேர்ந்து சிரிப்பர். இச்சிரிப்பில் மட்டும் கட்சி வேற்றுமை இல்லை.

வழக்காடுவோர் அனைவரும் ‘எந்த மொழி?’ என்றே கேட்கின்றனர். அம்மொழி யாரிடமிருந்து கற்கப்பட்டது, எதன்பொருட்டுக் கற்கப்பட்டது, எத்தகைய வினைமுற்றோடு பேசப்படுகிறது என்று கேட்பார் அரியர். அவ்வாறு கேட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நூல்களை அருகருகே வைத்து நோக்குதல் பயன்தரும். ஒன்று கொழும்பில் அச்சான சிறு கைந்நூல். மற்றொன்று மலாக்காவில் பிறந்த ஒருவர் மலாய்மொழியில் எழுதிய தன்வரலாறு. முன்னது தமிழைப் பிறர்க்குக் கற்பிக்க எழுந்தது. பின்னதோ, தமிழ்வழி வந்த ஒருவர் பிறர் மொழிகளைக் கற்ற கதை.

கைந்நூலின் பெயரே ‘இங்கே வா’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களுக்குப் புதிதாக வந்திறங்கிய வெள்ளை இளைஞர்க்காக ஏ. எம். பெர்குசன் என்பவர் அதனைத் தொகுத்தார். சின்னத் துரையின் சட்டைப்பைக்கு அடங்கும் தமிழ் வழிகாட்டி என்ற பொருளில் துணைப்பெயரும் அதற்கு உண்டு. ஒரு நூலின் தலைப்பு அந்நூலின் உள்ளக்கிடக்கையை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது அரிது. தமிழில் முதலில் கற்க வேண்டிய சொல் எது என்று சின்னத் துரை கேட்கிறார். ‘இங்கே வா’ என்று நூல் விடையளிக்கிறது. வணக்கம் இல்லை, நலம் உசாவுதல் இல்லை, பெயர் கேட்டலும் இல்லை. எதிரே நிற்பவன் வரவேண்டும். வந்தபின் செய்ய வேண்டியதைச் சொல்ல மேற்கொண்டு சில வினைச்சொற்கள் வேண்டும். தலைப்பு காட்டும் தமிழ் அவ்வளவே.

ஏவல் ஒருமை தன்னளவில் குற்றமுடையதன்று. ஔவையாரின் ஆத்திசூடி நெடுகிலும் ஏவலே. அது பாட்டி பேரனுக்குச் சொல்லும் ஏவல். தாய் மகவை ‘வா’ என்கிறாள். அடியவர் இறைவனையே ‘வா’ என்று அழைக்கின்றனர். அங்கெல்லாம் ஒருமையை இனிமையாக்குவது உறவு. இருபத்திரண்டு வயது நிரம்பிய ஒருவன், கப்பலைவிட்டு இறங்கிய மறுமாதம், பேரன்பேத்தி எடுத்த கிழவனை நோக்கி ‘இங்கே வா’ என்னும்போது அச்சொல்லில் உறவு ஏதும் இல்லை. ‘வா’ என்ற ஓரெழுத்தொருமொழிக்கு ‘வாருங்கள்’ என்ற மற்றொரு வடிவம் உண்டு என்பதைச் சின்னத் துரை அறியாதிருந்தால், அது அவன் அறிவுக்குறை அன்று. அந்த வடிவம் அவனுக்கு ஒருநாளும் தேவைப்படாது என்று கற்பித்தவர்கள் முடிவுகட்டியிருந்தனர்.

அதே மரபில் 1915-ஆம் ஆண்டில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவரின் ‘கூலித் தமிழ்’ கொழும்பில் வெளிவந்தது. தேயிலை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்க்குப் புரியும் தமிழ் இது என்று முகப்பிலேயே சொல்லிக்கொள்ளும் நூல் அது. செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற பாகுபாட்டைத் தமிழ்ப் புலவர் அறிவர். கூலித்தமிழ் என்ற மூன்றாவதைத் தமிழுக்கு ஈந்தவர் தோட்டக்காரரே! இகழ்ச்சி நிரம்பிய பெயர்தான். ஆயினும் நடுநிலையோடு நோக்குவோர் இந்நூல்களுக்கு ஒரு நன்றியும் சொல்லக் கடமைப்பட்டவர். தோட்ட மக்களின் வாய்மொழியை எழுதிவைக்கத் தக்கது என்று தமிழ்ப் புலவர் கருதாதிருந்த காலத்தில், அதனைக் காதால் கேட்டு எழுத்தில் பதித்தவர் இவர்கள். வெள்ளையன் ஏவுவதற்காகத் தொகுத்த பட்டியலை, அக்காலத் தோட்டத் தமிழின் பேச்சுருவை ஆராய விரும்பும் தமிழ் மாணவன் இன்று தேடிப் படிக்க வேண்டியிருப்பது வியப்பே.

இந்நூல்கள் இலங்கையோடு நின்றுவிடவில்லை. அவற்றின் மனப்பான்மை கடல் கடந்தது. இலங்கையில் காப்பிப் பயிர் நோயுற்று அழிந்தபின் தோட்டக்காரர் பலர் மலாயாவுக்குப் பெயர்ந்தனர். கங்காணிமாரும் அவர்தம் ஆட்களும் தமிழகத்திலிருந்து வந்துகொண்டிருந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் கைவிடப்பட்ட பின்னரும் கங்காணிமுறை வழியாக ஆள்சேர்ப்பு நடந்தது. 1938-இல் இந்திய அரசு தடைசெய்யும் வரை அது ஓயவில்லை. 1919-இல் அமைந்த மலாயாத் தோட்டக்காரர் கழகம் தன் உறுப்பினர்க்குத் தமிழ்த் தேர்வும் நடத்தியது. ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் ஆளப்பட்டோர் மொழியில் ஆள்வோர்க்குத் தேர்வு வைத்தமை சிறுசெயல் அன்று. துரைமாருள் தமிழைச் செம்மையாகக் கற்றவரும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மொழி எந்த இடத்தில் பேசப்படுகிறதோ அந்த இடம் அம்மொழிக்குத் தன் வடிவைத் தந்துவிடுகிறது. தோட்டத்தில் துரை தமிழ் பேசிய இடம் பெரட்டுக் களம்.

பெரட்டு என்பது ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தோட்டத்து உருவம். விடியுமுன் லயத்திலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து வரிசையில் நிற்பர். கிராணி பெயர் கூப்பிடுவார், மண்டோர் ஆளெண்ணுவார், துரை வந்து பார்வையிடுவார். தோட்ட மக்களுக்கு நாள்தோறும் வாய்த்த பொதுமன்றம் அது ஒன்றே. கோயில் திருவிழா ஆண்டுக்கொரு முறை வரும். பெரட்டோ நாள் தவறாது. அம்மன்றத்தில் பேசும் உரிமை மூவர்க்கு உண்டு. துரை தமிழில் ஏவுவார். கிராணி துரையிடம் ஆங்கிலத்திலும் ஆட்களிடம் தமிழிலும் பேசுவார். மற்றவர்க்குரிய பேச்சு, பெயர் கூப்பிட்டதும் தரும் விடை மட்டுமே. தாயின் இடுப்பில் அமர்ந்து இதனைக் கண்ட குழந்தை, எழுத்தறியுமுன்பே மொழியின் படிநிலையை அறிந்துகொண்டது. ஆங்கிலம் மேலே, துரை வாயில் வந்த தமிழ் அதற்கடுத்து, தன் வீட்டுத் தமிழ் கீழே. மலாய் அக்களத்தில் இடம்பெறவே இல்லை. தான் வாழ்ந்த மண்ணின் மொழி தனக்கு அயல்மொழி என்ற எண்ணம் அக்குழந்தைக்கு அங்கேதான் தோன்றியது.

துரையின் தமிழைக் கேட்டுத் தொழிலாளர் சிரித்ததில்லையா? சிரித்தனர், லயத்துக்குத் திரும்பியபின். களத்தில் நின்றபோது துரைக்குப் புரியும்படித் தம் தமிழையே உடைத்து, வேற்றுமை உருபு களைந்து, அவர் பேசியவாறே திருப்பிப் பேசினர். பிழையாகப் பேசியவர் திருந்தவில்லை. கேட்டவர்தாம் தம் பேச்சைக் குறைத்துக்கொண்டனர். வேற்றுமொழி பேசுவோன் பிழையை யார் திருத்தலாம், யார் திருத்தலாகாது என்பதும் பதவியைப் பொறுத்ததே. துரையின் பிழைக்குத் தமிழர் மொழி வளைந்தது. தமிழரின் ஆங்கிலப் பிழை நகைப்புக்கு இடமாயிற்று.

சப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்திலும் இதே பாடம் வேறு ஒலியில் நடந்தது. நிப்பொங்கோ கற்க வேண்டும் என்று பள்ளிகள் பணிக்கப்பட்டன. ஆசிரியர் இரவில் கற்றதைக் காலையில் மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்த நாள்கள் அவை. அம்மொழியின் செழிப்பான இலக்கியத்தில் ஒரு துளியும் தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. சயாம் மரண ரயில் பாதையில் உழன்று மீண்டோர் நினைவில் எஞ்சியவை அதட்டும் சொற்களே. மூன்றரை ஆண்டு கழிந்ததும் அம்மொழி இந்நாட்டுத் தமிழர் நாவிலிருந்து அறவே நீங்கிற்று. ஏவலாக மட்டும் வந்த மொழி, ஏவுவோன் போனதும் போய்விட்டது.

இனி, இரண்டாவது நூல். ‘ஹிக்காயாட் அப்துல்லா’ 1843-இல் எழுதி முடிக்கப்பட்டு 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. 1955-இல் ஏ. எச். ஹில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின் வெளியுலகத்தார்க்கும் எளிதில் கிட்டியது. ஆசிரியர் முன்ஷி அப்துல்லா 1796-இல் மலாக்காவில் பிறந்தவர்; 1854-இல் ஜித்தாவில் மறைந்தவர். மலாய் உரைநடையின் புதுமைக்கு முன்னோடி என்று மலாய் இலக்கிய வரலாற்றார் போற்றுபவர். அவர்தம் குடிவழியைத் தமிழாசிரியர் பலர் கேட்டிருக்க மாட்டார். ஏமனிலிருந்து வந்த அராபியர் ஒருவர் நாகூரில் மணந்து வாழ்ந்தார். அவர் புதல்வருள் ஒருவர் மலாக்காவுக்கு வந்து மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அப்பெண்ணின் பெயர் பெரியாச்சி. மலாய்மொழியின் தலைசிறந்த தன்வரலாறு ஒன்றின் தொடக்கப் பக்கங்களில் நாகூரும் லெப்பையும் ஆச்சியும் வந்து நிற்பதைக் காணும் தமிழ் வாசகன் சற்று நின்றுதான் மேலே படிப்பான்.

அப்துல்லாவை அவர் தந்தை தமிழ் கற்க அனுப்பினார். மலாக்காவில் நல்ல குடியில் பிறந்த பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்றும், கணக்கு வழக்குக்கும் வணிகரோடு உரையாடவும் அது பயன்பட்டது என்றும் நூல் தெரிவிக்கிறது. இங்கே தமிழ் கற்றதன் நோக்கத்தைக் கருதுக. கணக்குப் பார்ப்பவன் ‘இங்கே வா’ என்று தொடங்க முடியாது. எதிரே இருப்பவன் வணிகன். அவன் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடலாம். ஆதலின் அத்தமிழில் மரியாதை தானாகவே அமைந்தாக வேண்டும். மலாயில் வழங்கும் ‘கெடை’ தமிழ்க் கடை, ‘காப்பால்’ கப்பல், ‘மோடால்’ முதல். இவையெல்லாம் துரையின் வாய்வழி வந்தவை அல்ல. துறைமுக வணிகத்தில் சமநிலையில் நின்று பேசியோர் கொண்டும் கொடுத்தும் பகிர்ந்த சொற்கள். பெரட்டுக் களத்திலிருந்து மலாய்க்கு எத்தனை தமிழ்ச் சொல் போயிற்று என்று தேடினால் கை வெறிதே திரும்பும்.

அப்துல்லா அதனோடு நிற்கவில்லை. மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மறை ஓதக் கற்பித்து, அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றார். ‘முன்ஷி’ என்ற பட்டம் அவர்கள் வழங்கியதே. பல்கலைக்கழகம் தந்தது அன்று. ராபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தபோது அவரிடம் எழுத்தராக அமர்ந்தார். மில்ன் முதலிய பாதிரிமார்க்கு மலாய் கற்பித்து ஆங்கிலம் கற்றார். ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற்றார் என்பதே இந்நூலின் உயிர்நாடி. மொழி அவர்க்குப் பண்டமாற்று.

அக்காலத்துச் சமுதாயம் இதனை எவ்வாறு ஏற்றது? ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால் மதம் மாற்றிவிடுவர் என்று மலாக்கா மக்கள் அஞ்சினர். பாதிரிமாரோடு பழகிய அவரை ‘பாதிரி அப்துல்லா’ என்று எள்ளியதும் உண்டு. தாய்மொழியைக் கைவிட்டார் என்று இன்று பேருந்தில் சுளிக்கும் முகங்கள் புதியன அல்ல என்பது இதனால் தெரிகிறது. மற்றொரு புறம், மலாய்மொழியை முறையாகக் கற்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, பிறந்தது முதல் பேசும் மொழியைக் கற்பானேன் என்று கேட்டோரும் இருந்தனர். அவர்களுடைய போக்கைக் கண்டு அவர் வருந்தி எழுதிய பகுதி, வீட்டுமொழிக்கு இலக்கணம் எதற்கு என்று வினவும் பெற்றோரைக் காணும் தமிழாசிரியர்க்கு மிக அணுக்கமானது.

நூலின் சுவைமிக்க இடம் தாம்சன் பாதிரியாரோடு அவர் நடத்திய சொற்போர். தாம்சன் விவிலியப் பகுதியை மலாயில் பெயர்க்கிறார். சொற்கள் மலாய், வாக்கியம் ஆங்கிலம். மலாய்க்காரர் இவ்வாறு பேசார் என்று அப்துல்லா மறுக்கிறார். பாதிரியாரோ தம் இலக்கணத்தை விடுவதாயில்லை. சம்பளம் தருபவர் தாம்சன், கற்பிப்பவர் அப்துல்லா. பெரட்டுக் களத்தில் துரையின் தமிழ்ப்பிழைக்குத் தொழிலாளர் வளைந்து கொடுத்ததை இதனோடு ஒப்பிடுக. நாகூர்க் குடிவழி வந்த ஒருவர், தம் மூதாதையர் மொழியல்லாத மலாய்க்காக, மேலிடத்தில் இருந்த வெள்ளையரோடு வாதாடுகிறார். அம்மொழி அவருடையதாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. பிழையின்றிப் பேசுவோன் மொழியை அறிந்தவன். அதில் பிழை நேருங்கால் மனம் நோகிறவனோ அதற்கு உரியவன் ஆகிறான்.

நூலில் குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலேயரிடம் அப்துல்லா கொண்ட வியப்பு பல இடங்களில் அளவு கடந்தது. மலாய்ச் சிற்றரசரைக் கடிந்துரைக்கும் பேனா, கும்பினி அதிகாரியர் முன் மெலிகிறது. மலாய் எழுத்தாளர் பலர் இதனைச் சுட்டிக் கண்டித்திருப்பது முறையே. பல மொழி கற்றவன், எந்த மொழிக்காரன் வலிமை பெற்றிருக்கிறானோ அவன் பக்கம் சாய்வது எளிது. அப்துல்லாவும் அதற்கு விலக்கல்லர். ஆயின் மொழி என்று வந்தவிடத்து அவர் சாயவில்லை.

இவ்வரலாறு ஜொகூருக்கு வந்து சேரும் வழி சுற்றுவழி அன்று. அப்துல்லாவிடம் மலாய் கற்ற பாதிரியாருள் ஒருவர் கீஸ்பெரி. தெலுக் பிளாங்காவில் அவர் நடத்திய பள்ளியில் பயின்றவர் அபூபக்கார். அவரே பின்னர் ஜொகூரின் சுல்தானாகிப் புது ஜொகூரை அமைத்தார். அப்துல்லாவின் மகன் முகமது இப்ராகிம் முன்ஷி ஜொகூர் அரசில் பணியாற்றி ‘டத்தோ பெந்தாரா டாலாம்’ என்ற உயர் பதவி எய்தினார். தந்தையைப்போல் பயண நூலும் எழுதினார். 1888-இல் ஜொகூர் பாருவில் மலாய்மொழி வளர்ச்சிக்கென்று ஒரு கழகம் எழுந்தது. ‘செத்தியாஉசாஹா’, ‘பெஜாபாட்’ முதலிய சொற்கள் அக்கழகத்தார் ஆக்கம் என்பர். இன்று தோட்டத்துக் கோயில் நிருவாகக் குழுவின் கடிதத் தலைப்பில் செயலாளரைக் குறிக்க அச்சாகும் சொல் அது. அதனுள் சத்தியமும் உற்சாகமும் ஒளிந்திருப்பதைத் தமிழ் மாணவனுக்குச் சொல்லிக் காட்டினால் அவன் கண் விரியும். 1956 சூனில் ஜொகூர் பாருவில் பாலாய் புஸ்தாகா தொடங்கப்பட்டு, பின்னர் டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்று பெயர் பெற்றுக் கோலாலம்பூருக்கு மாறியது. தேசிய மொழி இயக்கத்தின் முழக்கமான ‘பஹாசா ஜீவா பங்சா’ என்ற மூன்று சொல்லும் பாஷை, ஜீவன், வம்சம் என்று தமிழரும் அறிந்தவையே. அயல்மொழி என்று அஞ்சி நிற்கும் பிள்ளையிடம் இதனைச் சொல்வார் சிலரே.

சட்டத்தின் நிலை தெளிவானது. மலேசிய அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்கியது. அதே பிரிவு, அலுவல் சாராத இடங்களில் வேறு மொழி பேசவும், அதனைக் கற்கவும் கற்பிக்கவும் எவரையும் தடுக்கலாகாது என்றும் உரைக்கிறது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்ற வழக்கினைக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2021 திசம்பரிலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரிலும் ஏற்கவில்லை. சட்டம் நாவைக் கட்டவில்லை. கட்டியது வேறொன்று.

தோட்டப் பள்ளியில் பேச்சுப் போட்டி நடக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவி மேடையேறி, நாட்டுப்பற்று என்னும் பொருளில் ஆறு நிமிடம் மலாயில் பிழையின்றி முழங்குகிறாள். பரிசும் பெறுகிறாள். மறுநாள் தந்தையோடு பட்டணத்து அஞ்சலகத்துக்குப் போகிறாள். முகப்பில் அமர்ந்த மலாய் அம்மையார், ‘என்ன வேண்டும், தங்கையே?’ என்ற கருத்தில் அன்போடு கேட்கிறார். மாணவி தந்தையைப் பார்க்கிறாள். தந்தை மாணவியைப் பார்க்கிறார். மேடையில் பேசியது மனப்பாடம். அஞ்சலகத்தில் கேட்கப்பட்டது வினா. மலாயில் போதிய தேர்ச்சியின்றித் தமிழ்ப்பள்ளி விட்டுப் போகும் மாணவர் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகக் கழிக்க நேர்வதற்கு ஆயிரம் காரணம் சொல்லப்படுகிறது. பாடநூல் குறை, ஆசிரியர் குறை, வீட்டுச்சூழல் என்பன எல்லாம் மெய்யே. ஆயினும் அம்மாணவியின் நா எழாமைக்கு முதற்காரணம், தவறினால் சிரிப்பர் என்ற அச்சம். சிரிப்பவர் யாவர்? அஞ்சலக அம்மையார் அல்லர். பின்வரிசையில் நிற்கும் தமிழர்! பிழையாகத் தமிழ் பேசிய துரையைக் களத்தில் நின்று கேலிசெய்ய இயலாத தலைமுறையின் அடக்கிய சிரிப்பு, தம் பிள்ளைகள்மேல் இன்று பாய்கிறது போலும்.

ஆங்கிலத்தின் கதை சிறிது வேறு. நகரத்துத் தமிழர் கூட்டங்களில் தமிழறிந்தார்முன் ஆங்கிலத்தில் உரையாற்றுவோரை இதழ்கள் அறுபது ஆண்டாகக் கடிந்து வருகின்றன. கடிந்து பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. கிராணியின் நாற்காலி இன்னும் காலியாகவில்லை என்பதே அதன் பொருள். இதனைப் பற்றி விரித்தெழுதத் தேவையில்லை.

தோட்டத்து முகப்பில் மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கேயை முதியோர் பலர் நினைவுகூர்வர். அவர் பேசியதும் தமிழ்தான். வெல்ஸின் நூலைப் படித்துத் தேர்வெழுதிய துரையின் தமிழோடு ஒப்பிட்டால் இலக்கணத்தில் அது பின்தங்கியதே. றகரமும் ழகரமும் அவர் நாவில் ஏறா. வினைமுற்று ஏதோ ஒரு காலத்தில் நிற்கும். ஆனால் கடைக்கு வந்த பெண்களை அவர் ‘அக்கா’ என்றார், முதியோரை ‘அம்மா’ என்றார், கடன் கேட்டு நின்றவரை ‘அண்ணே’ என்றார். வட்டி வாங்கியிருக்கலாம், நிறுவையில் கை வைத்திருக்கவும் கூடும். எனினும் அத்தமிழைக் கேட்டு லயத்தில் எவரும் எள்ளவில்லை. ‘நம்ம தவுக்கே’ என்றே சொல்லினர். எழுதப்படாத அந்தத் தமிழுக்கு ஒரு கைந்நூல் தொகுக்கப்பட்டிருந்தால் அதன் தலைப்பு ‘வாங்கக்கா’ என்றிருந்திருக்கும்.

இன்று ஜொகூரில் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக் காடாகிவிட்டன. லயங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பகுதி கூலாய், குளுவாங், மாசாய் என்று நகர்ப்புற வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தது. குலை வெட்டவும் வண்டியேற்றவும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளத்தாரும் வருகின்றனர். எஞ்சியிருக்கும் தமிழருள் சிலர் அவர்கட்கு மண்டோர். விடியற்காலைப் பெரட்டு இன்றும் உண்டு. வந்து மூன்று நாளான வங்காள இளைஞன் ஒருவனுக்கு மலாய் தெரியாது. மண்டோருக்கு வங்காளம் தெரியாது. கைவிளக்கின் ஒளியில் அவனைச் சுட்டி மண்டோர் அழைக்கிறார்: ‘மாரி சினி.’ மலாயில் அதற்குப் பொருள் ‘இங்கே வா’ என்பது. ‘சிலா’ என்று ஒரு சொல் முன்னே சேர்த்தால் அது வேண்டுகோளாகும். மண்டோரின் மகள் பள்ளியில் அதனை ஆறாண்டு படித்திருக்கிறாள். வங்காள இளைஞன் ஓடிவந்து நிற்கிறான். இந்நாட்டு மொழியில் அவன் கற்ற முதற்சொற்கள் அவை இரண்டே.